பத்துக்குப் பத்து

நாலு முளைக்குச்சி, நாற்பது மீட்டர் நைலான் கயிறு.
அஞ்செட்டி தாண்டி, சாலையிலிருந்து நூறாவது அடியில்
முதல் சதுரம்.
கயிற்றுக்குள் அகப்பட்டதையெல்லாம்
காடு என்று எழுதவேண்டும்.

அகப்பட்டது உண்ணிச்செடி.
எண்ணாதே, பரப்பளவாகப் போடு என்றது படிவம்.
நூற்றுக்குத் தொண்ணூறு.
மிச்சத்தில் ஒரு பீர் பாட்டில்,
தழையெல்லாம் ஆட்டுக்குப் போன ஓர் உசில்.
அது மரமா புதரா என்று
எங்களுக்குள் கொஞ்ச நேரம் வழக்கு.

மூன்றாம் சதுரம் பழைய மாட்டுப்பட்டி.
ஆலம்பாடி மாடுகளை வெளியேற்றி ஆறு வருஷம்.
மாடு போனால் வெட்பாலை வரும் என்று
யாரோ அறிக்கையில் எழுதியிருந்தார்கள்.
வந்தது ஊமத்தையும் நாயுருவியும்.
அவற்றுக்கு அறிக்கை வாசிக்கத் தெரியாது.

ஏழாம் சதுரத்தில் அடிக்கட்டைகளைத்
தொட்டையன் காலால் தட்டித் தட்டி எண்ணினார்.
ஆச்சா ரெண்டு, வெக்காலி மூணு, கருங்காலி ஒண்ணு.
ஆறு.
ஏழாவதைச் சுற்றிக்கொண்டு போனார்.
அது கட்டையல்ல, குழி.
வேரோடு போன சந்தனம்.
உள்ளே மழைத்தண்ணீர், ஒரு தவளை.
வாட்சர் வேலைக்கு வருமுன் அவர் என்ன செய்தார் என்று
நான் கேட்டதில்லை.
குழிக்குப் படிவத்தில் கட்டமில்லை என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டு
ஆறு என்றே எழுதினேன்.

பதினோராவதுக்கு ரெண்டரை மணி நேர நடை.
கீழே தொட்டல்லா ஓடும் சத்தம்.
உண்ணி இல்லை, கட்டை இல்லை, பிளாஸ்டிக் இல்லை.
ஒரு சாண் உயரத்தில் ஆச்சா நாற்றுகள்,
மாட்டுக் குளம்புபோல் பிளந்த இலைகளோடு
முப்பத்தொன்று.
ஆசையில் ரெண்டாம் தடவையும் எண்ணினேன்.
பேர் தெரியாத கொடி ஒன்றைப் படம் வரைந்தேன்.
மனிதத் தடயம்: உண்டு, இல்லை.
இல்லையைச் சுழித்துவிட்டுப்
பாறையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினேன்.

காலுறை முழுக்க நாயுருவி.
பட்டியில் ஏறியிருக்கும்.
ஷூவின் பள்ளங்களில் சாலையோரத்து மண்,
மண்ணுக்குள் உடைத்த மிளகுபோல்
பார்த்தீனியம் விதை.

தொட்டையன் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.
எலுமிச்சைச் சோற்றில் மிச்சத்தை வாயில் போட்டுக்கொண்டு
காலி டப்பாவை என் பக்கம் நகர்த்தினார்.
ஒவ்வொன்றாகப் பிடுங்கி அதில் போட்டேன்.
எழுபதுக்குமேல் கணக்கு விட்டுப்போனது.
வழியில் உதிர்ந்ததற்குக் கணக்கே இல்லை.

கயிற்றைச் சுருட்டும்போதுதான் கேட்டார்:
"அந்தக் குழிய எழுதலியா?"

பென்சில் அவர் காதில் இருந்தது.