ஏழாவது எழுத்து

புதுவயல் அரிசி மில்லில்
தவிட்டு மூட்டைக்குக் கணக்கெழுதும் மேசையில்
மூன்று நோட்டீசுகள்.
ஒன்றில் ஸ்டெதஸ்கோப் மாட்டிய வெள்ளைக்காரி.
கோடிங்குக்கு அது எதற்கென்று
அப்போது கேட்கத் தெரியவில்லை.
ஒன்றில் நூறு சதவீத வேலை உத்தரவாதம்.
நூறின் தலையில் ஒரு நட்சத்திரம்,
நட்சத்திரத்தின் விளக்கம் அடியில்
குருணை அளவு எழுத்தில்.
மூன்றாவதில் எல்லாம் இருந்தது,
கட்டணத்தைத் தவிர.

செக்காலை ரோட்டில் பாத்திரக்கடை மாடி.
நாற்பத்தைந்து நாள், முப்பத்திரண்டாயிரம்.
"நம்ம சர்டிபிகேட்ல ஹோலோகிராம் இருக்கும்மா."
சாய்த்துக் காட்டினார். வானவில் ஓடியது.
பரீட்சை யார் வைப்பது என்றேன்.
"நாங்கதான்."
திருத்துவது?
"நாங்கதான்."
கீழே யாரோ அண்டாவைத் தட்டித் தட்டி
ஓட்டை இருக்கிறதா என்று
காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கூடப் படித்த பிரகாசி
பெருங்குடியில் ராத்திரி ஷிப்டு.
டீ குடிக்கும் பத்து நிமிடத்தில் பேசினாள்:
"ஹோலோகிராம் பாத்து எவனும் சீட்டு தரமாட்டான்டி.
மூணு எழுத்து. சி.பி.சி.
நூறு கேள்வி, நாலு மணி நேரம்,
புத்தகத்தைத் தொறந்து வச்சே எழுதலாம்.
தொறந்து வச்சும் தோத்தவங்க
என் ரூம்லயே ரெண்டு பேரு.
படுக்கை நோயாளி பக்கம் போகணும்னா வேற பரீட்சை,
அத அப்புறம் பாக்கலாம்.
போன வருஷப் புத்தகம் பாதி விலைக்கு வரும்,
வாங்கிறாத. வருஷா வருஷம் கோடு மாறும்."

கட்டணம் டாலரில்.
பன்னிரண்டாம் மாதச் சீட்டை
நாலாம் மாதமே ஏலம் கேட்டு எடுத்தேன்.
தள்ளில் போனது ஒன்பதாயிரம்.
வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை.
இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை.

விலங்கியலில் தவளை அறுத்த கை
உடம்பை மறுபடி படித்தது.
சில கோடுகளில் ஆறாமிடம் காலி.
காலியாக விடக்கூடாது, எக்ஸ் போட வேண்டும்.
அதற்கு அர்த்தம் ஏதுமில்லை;
ஏழாவது எழுத்து
ஏழாவதாகவே நிற்க இடம்பிடிப்பது
அவ்வளவுதான் வேலை.
பட்டம் வாங்கியதற்கும் மில்லுக்கும் நடுவில்
வீட்டில் இருந்த ஐந்து வருடத்தை
என்னவென்று சொல்வதெனத் தெரியாமல் இருந்தேன்.

தை மாதம் சிராவயல் மஞ்சுவிரட்டு.
வேடிக்கை பார்க்கப் போன லோடுமேன் வைரவனுக்குத்
தொடையில் பதினோரு தையல்.
டிஸ்சார்ஜ் சீட்டை நீட்டி
"என்னக்கா எழுதிருக்கு" என்றான்.
படித்துச் சொன்னேன். ஆசை விடவில்லை,
புத்தகத்தையும் புரட்டினேன்.
டபிள்யூ ஐம்பத்தைந்து, புள்ளி, இருபத்திரண்டு:
மாடு முட்டியது.
மாடு கடித்தால் அது வேறு.
பிறகு எக்ஸ். பிறகு ஏழாவது.
காயத்தோடு வரும்போது ஏ,
ஆறிக்கொண்டு வரும்போது டி,
ஆறிய பிறகும் போகாததற்கு எஸ்.
"மாடுன்னா போட்டிருக்கு?"
அவனுக்கு முகம் சுண்டிவிட்டது.
"காளைக்கா அது. நெற்குப்பைக் காளை."
காளையும் அந்த எண்ணுக்குள்தான் என்றேன்.
நம்பவில்லை.

முதல் தடவை அறுபத்தாறு.
எழுபது வேண்டும்.
மறுபடி டாலர், மறுபடி இரண்டு நாள் மௌனம்.
இரண்டாம் தடவை எழுபத்து மூன்று.
பெயருக்குப் பின்னால் மூன்று எழுத்து,
ஒரு சின்னக் கோடு, அதன் வாலில் ஒரு ஏ.
கற்றுக்குட்டி என்பதற்கான ஏ.
இரண்டு வருடம் வேலை பார்த்தால் உதிருமாம்.
வேலை கிடைத்தால்தானே என்கிறாள் பிரகாசி,
சிரித்துக்கொண்டேதான்.

வைரவன் மூட்டை தூக்கத் திரும்பிவிட்டான்.
வலப்பக்கம் கொஞ்சம் சாய்ந்து நடக்கிறான்.
அவனிடம் சொல்லாமல்
மனதுக்குள் எஸ் போட்டுக்கொண்டேன்.

திங்கட்கிழமை திருச்சியில் இன்டர்வியூ.
அதுவரைக்கும் தவிட்டுக் கணக்கு.
நட்சத்திரம் போட்ட நோட்டீசின் பின்பக்கத்தில்தான்
கூட்டிக்கொண்டிருக்கிறேன்.
நல்ல தாள். மை ஊறுவதில்லை.