செய்கூலி, சேதாரம்

தலைமையாசிரியை கேட்டது ஒரே ஒரு பக்கம்.
"சீருடைக்குப் பருத்தியா, பாலியஸ்டரா?
மண்ணுக்கு எது கெடுதல் குறைவு?
வெள்ளிக்கிழமை டெண்டர். அதற்குள் எழுதிக்கொடுங்கள்."
வேதியியல் எடுப்பவள் என்பதால்
என் தலையில் விழுந்தது.

ஒத்தக்கடை வீட்டில்
வாஷிங்மெஷின் குழாய் முனையில்
பழைய வேட்டித்துண்டை நாலாய் மடித்துக் கட்டினேன்.
ஞாயிறு முழுக்கப் பாலியஸ்டர் மட்டும்.
தண்ணீர் வடிந்த பின்
துணியில் மிஞ்சியது
ஒரு சிட்டிகை மூக்குப்பொடி போல,
ஆனால் நீலம்.

பள்ளித் தராசுக்கு அவ்வளவு சின்னது கண்ணில் படாது.
தெற்காவணி மூல வீதி நகைக்கடையில்
முத்துவிநாயகம்,
முன்பு என் வகுப்பில் கடைசி பெஞ்ச்,
கண்ணாடிக் கூண்டைத் திறந்து பொட்டலத்தை வைத்தான்.
முந்நூற்று எண்பது மில்லிகிராம்.
"டீச்சர், இதுக்குச் செய்கூலி சேதாரம் போடவா?"
தோடு பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.
நானும் சிரித்தேன்.
மாட்டுத்தாவணி வருவதற்குள் சிரிப்பு நின்றுபோனது.
அதைப் போடத்தானே
ஒரு வாரமாய் அலைகிறேன்.

நீலத்தூள் மக்காது.
சாக்கடை, வாய்க்கால், ஆற்றில் தண்ணீர் இருந்தால் ஆறு,
அப்புறம் குழம்பில் மீன்.
எழுதி அடிக்கோடு போட்டேன்.

அப்படியானால் பருத்தி சாதுவா?
பேரையூர் கரிசலில் மூன்று ஏக்கர் வைத்திருக்கும்
கணக்கு டீச்சர் சீனியம்மாளிடம் கேட்டேன்,
ஒரு போகத்துக்கு எத்தனை தடவை மருந்து அடிப்பீர்கள் என்று.
"அதைப் புழுவைக் கேளுங்க" என்றாள்,
விடைத்தாளிலிருந்து தலை தூக்காமல்.

இஸ்திரி வண்டி இருளப்பனுக்கு வேறு கணக்கு.
ஒரு காட்டன் சேலை தேய்க்கும் கரியில்
ஆறு பாலியஸ்டர் போய்விடுமாம்.
"ரேட்டு மட்டும் ரெண்டுக்கும் ஒண்ணு டீச்சர்.
கெடுதல்னு அதையும் எழுதிக்கங்க."
எழுதவில்லை.
எழுதியிருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது.

வியாழன், ஒன்பதாம் வகுப்பு, நூல் எரிக்கும் சோதனை.
இடுக்கியில் பிடித்து சுடரில் காட்டினால்
பருத்தி காகித வாசத்தோடு சாம்பலாகும்,
பாலியஸ்டர் சுருண்டு உருகிக்
கறுப்பு மணியாய் உறையும்.
அழகுபேச்சி தன் பாவாடை விளிம்பில்
தொங்கிய நூலைப் பல்லால் கடித்துத் தந்தாள்.
பாதி சாம்பல். பாதி மணி.

நான் விளிம்பைப் பார்த்தேன்.
பழைய மடிப்பின் தடம் ஒன்று, அதன் கீழ் இன்னொன்று,
அதற்கும் கீழே
வெயில் இப்போதுதான் கண்டுபிடித்த நீலம்.
"மொத அக்கா, அப்புறம் சித்தி மக, அப்புறம் நான்.
நெட்டையாகிற அளவுக்குப் பிரிச்சு விடுவாங்க."
எத்தனை நாள் உடுத்தியிருப்பீர்கள் என்று கேட்டேன்.
விரல் விட்டு எண்ணி, நிறுத்தி,
"லீவு நாளைக் கழிக்கணுமா டீச்சர்?"

தண்ணீர், மின்சாரம், சாயம், மருந்து, தூள், கரி:
என் அட்டவணையில் ஆறு கட்டங்கள்.
எல்லாவற்றையும் எதனால் வகுப்பது என்று
எனக்கு அதுவரை தெரிந்திருக்கவில்லை.
ஒரு கிலோவால் வகுத்தால் ஒரு விடை,
ஒரு மீட்டரால் வகுத்தால் வேறு,
உடுத்திய நாளால் வகுத்தால்
இந்தச் சாயம்போன கலப்படத் துணி
இரண்டையும் தோற்கடித்துவிடுகிறது.

வெள்ளிக்கிழமை காலை கொடுத்த பக்கத்தில்
இரண்டு துணியின் குற்றங்களும் இருந்தன,
முந்நூற்று எண்பது மில்லிகிராமும் இருந்தது.
பரிந்துரை என்ற இடத்தில் ஒரு வரி:
துணி எதுவாயினும்
கீழ்மடிப்பு நான்கு விரல் விட்டுத் தைக்கவும்.

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றினார்.
"இது தையல்காரருக்கு எழுதுவதல்லவா?"

ஆமாம் என்றேன்.
மணி அடித்துவிட்டது, ஒன்பது 'அ' காத்திருந்தது,
மேசைமேல் அவர் விரல்கள் நான்கும்
டெண்டர் தாளில் அகலம் பார்த்துக்கொண்டிருந்தன.