எட்டும் தூரம்

டப்பாவின் மேல் மண்டையோடு.
இயற்கைச் சோப்பு என்று நான் செய்யப்போகிற பொருளுக்கு
முதல் சரக்கு இதுதான்: எரிகாரம்.

எமெரியைப் பக்கத்து அறையில் கிடத்தி
கதவைச் சாத்திவிட்டு வந்து
தண்ணீரில் காரத்தைக் கொட்டுகிறேன்.
(காரத்தில் தண்ணீரை அல்ல. ஒருபோதும் அல்ல.)
அடுப்பில்லாமலே கொதிக்கிறது பாத்திரம்.
ஜன்னலுக்கு அப்பால், மெய்ன் மாநிலத்தின் வடகோடியில்,
உருளைக்கிழங்கு வயலெல்லாம் பனிக்கு அடியில்.
மே மாதம் வரை எனக்கு வேலை இல்லை.

லூசியெனுக்கு உண்டு.
ஆறு வாரத்தில் திரும்பி வா என்றது ஆலை.
ஆறியதா என்று கேட்கவில்லை.
நகரும் பட்டையருகே நின்று
துணி துவைக்கும் திரவம் நிரம்பிய நீலப் புட்டிகளுக்கு
மூடி திருகுகிறாள், நாளுக்கு ஒன்பதரை மணி நேரம்.
அந்த வாசனைக்குப் பெயர் மலைத்தென்றல்,
எண் ஏழு.
இங்கே மலையிலிருந்து வரும் காற்றுக்கு
டீசல் வாசனைதான்.

எமெரியின் கழுத்து மடிப்பில் சிவப்புத் தடிப்பு கண்டது.
நர்ஸ் வாண்டா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்துவிட்டு
"மணக்கிற எதுவும் வேண்டாம்" என்றாள்.
அன்றிரவே அலமாரியைக் காலி செய்தேன்.

வினிகரில் சோடா உப்பைக் கொட்டினேன்.
அடடா, என்ன நுரை, என்ன சீறல்!
அடங்கியபின் தொட்டியில் கிடந்தது
எதற்கும் உதவாத கலங்கல் தண்ணீர்.
இரண்டு பேர் கத்தி ஓய்ந்த வீட்டில்
மிஞ்சுமே, அது போல.
தனித்தனியே விட்டால் இரண்டும் உழைக்கும்:
வினிகர் கெண்டியின் சுண்ணாம்புப் படிவை உரித்தது,
சோடா அணையாடை வாளியின் வாடையை விழுங்கியது.

ஓட்ஸை மாவாய் அரைத்து
ஒற்றையாய்ப் போன காலுறைக்குள் கட்டி
வெதுவெதுப்பான தண்ணீரில் பிழிந்தேன்.
பால்போல் இறங்கியது.
எமெரி அதில் மிதந்தபடி
கூரை விளக்கிடம் ஏதோ புகார் சொன்னான்.
பிறகு மடிப்பு மடிப்பாய் ஒற்றித் துடைத்தேன்.
மருந்து அவ்வளவுதான். மூன்றாம் வாரம் தோல் வெளுத்தது.
பலகையில் சோப்பு இன்னும் காய்ந்துகொண்டிருந்தது.
அதற்கும் ஆறு வாரமாம்.

என் சட்டங்கள் மட்டும் நிற்கவில்லை.
லூசியென் வந்ததும் மேலங்கி வெளிநடையில்.
கை இரண்டு முறை. முழங்கை வரை.
கூந்தலைத் துணியில் முடிந்துகொண்டுதான்
பிள்ளையைத் தொட வேண்டும்.
ஒரு வார்த்தை மறுக்காமல் செய்தாள்.
கழுவித் துடைத்துச் சுத்தமாய் அவள் ஏந்தியதும்
அவன் முகத்தைத் திருப்பி வீறிட்டான்.
அவள் என்னைப் பார்க்கவில்லை.
ஒன்பது நாள்.

பத்தாம் நாள் பனிப்புயல்.
ஷூவைக்கூடக் கழற்றாமல்
வெளிநடைப் பெட்டியின்மேல் உட்கார்ந்தவாறே
தூங்கிப்போயிருந்தாள், மேலங்கியோடு.
நான் அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டு
அவளை எழுப்பத்தான் குனிந்தேன்.
அதற்குள் எமெரி கழுத்தை நீட்டினான்,
கண் மூடியபடி, கன்றுக்குட்டி மாதிரி,
அந்த நாற்றமெடுத்த நீலக் காலரை நோக்கி.
அழுகை நின்றது.
மூச்சை இழுத்து இழுத்து முகர்ந்தான்.

தொட விடவில்லை நான். விலக்கவும் முடியவில்லை.
ஒரு முழ இடைவெளியில்
முதுகு வலிக்க வலிக்கக் குனிந்தே நின்றேன்.

சோப்பு காய்ந்துவிட்டது. பதினான்கு கட்டி.
லூசியென் ஒன்றை எடுத்து மூக்கருகே வைத்து
"ஒன்றுமே இல்லையே" என்று சிரித்தாள்.
ஆமாம் என்றேன், கொஞ்சம் பெருமையாகத்தான்.

இப்போது அவள் வேலைக்குப் போகாத நாட்களில்
மேலங்கி தொட்டிலின் பக்கத்துச் சுவரில் தொங்குகிறது:
கை எட்டாத தூரத்தில்,
மணம் எட்டுகிற தூரத்தில்.
சரியான இடம் மூன்றாவது ஆணிக்குத்தான் கிடைத்தது.
மற்ற இரண்டு துளைகளையும்
நான் இன்னும் பூசவில்லை.