எந்தப் பக்கத்தில்

கோட்டூர்ப் பக்கம் நெல் கொள்முதல் நிலையத்தில்
பட்டியல் எழுத்தர் நான்.
ஈரப்பதம் பதினேழைத் தாண்டினால்
மூட்டையைத் திருப்பி அனுப்புகிறவள்.

இரவில் ஓர் அமெரிக்க நாவலைத் தமிழாக்குகிறேன்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றில்
ரயிலடிக் கடைகளில் மளமளவென்று விற்றதாம்.
இங்கே வந்துசேர நூறு வருஷம் ஆயிற்று,
அதோடு நீடாமங்கலம் கேட்டில் முக்கால் மணி நேரம்.

கோதுமை ஊர்க் கதை.
கிடங்குக் கணக்கெல்லாம் ஹாரியட் எழுதுவாள்,
கையெழுத்து மட்டும் புருஷன் அம்புரோஸ்.
(நாகப்பட்டினத்திலும் உண்டு அந்தப் பேர்.)
அவனை எப்படி எழுதுவது?
பார்த்தீர்களா, அவனை என்று வந்துவிட்டது.

ஆங்கிலத்தில் கும்பிட்டாலும் காறித் துப்பினாலும்
ஒரே இரண்டெழுத்து.
தமிழில் நான் முடிவு செய்தாக வேண்டும்,
அவர் எந்தப் பக்கத்தில் அவன் ஆகிறார் என்று.

கை நீட்டிய பக்கத்திலா?
இல்லை. அன்றைக்கு அவள்
“அவர் அடித்துவிட்டார்” என்றுதான் அழுவாள்.
எனக்குத் தெரியும்.
ஒன்பதாம் அத்தியாயம், குழந்தை செத்த ராத்திரி,
பூட்ஸைக் கூடக் கழற்றாமல் தூங்குகிறார்.
அப்போதும் அவர்தான்.

தஞ்சாவூர்ப் பதிப்பாளர் வேலாயுதம் போனில் சொன்னார்:
“கடைசி வரைக்கும் அவர்னே போட்டுடுங்கம்மா,
படிக்கிறது பொம்பளைங்க.”

குறுவை மூட்டை குவிந்து கிடக்கையில்தான்
ஐப்பசி மழை வரும்.
தார்ப்பாய்க்கடியில் டார்ச் வெளிச்சத்தில்
இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.
அம்புரோஸ் கேட்கிறார், உப்பு எங்கே?
உப்பு அவர் முன்னால்தான் இருக்கிறது.
ஹாரியட் தலையை நிமிர்த்தவில்லை,
கூட்டல் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

அவன் கையை நீட்டி எடுத்துக்கொண்டான்.

எழுதிவிட்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒரு ன்.
பதினாறு ரூபாய்ப் பேனாவில் எழுதியது.

போன் அடித்தது. மணி ஒன்பது இருபது.
சாக்குக் கட்டிக்கொண்டிருந்த மாரிக்கண்ணு கேட்டாள்,
யாருக்கா?

நம் மொழியில் ஒரு வசதி,
மரியாதை சொல்லின் கடைசியில்தான் வருகிறது.
“வீட்லேர்ந்து கூப்பிடுறா”
அதுவரைக்கும் வந்து நின்றது வாய்.

மேற்கே வானம் ஒருமுறை வெளுத்தது.
அடுத்த எழுத்துக்கு அவளும் காத்திருக்கவில்லை.
“தூறல் போடுது, அந்த முனையைப் பிடிக்கா” என்றாள்.
பிடித்தேன்.