புதனுக்குப் பக்கத்தில் ஓர் ஊக்கு

வீட்டை வாங்கியபின் கையில் மிஞ்சியவை
பதினொரு ஜன்னல்கள்.
போர்ட்டஃபெரியில் காற்று கதவைத் தட்டிவிட்டு வருவதில்லை;
உப்போடு வந்து
கண்ணாடியில் கிறுக்கிவிட்டுப் போகும்.
திரைச்சீலைக்குக் கடைக்காரர் சொன்ன விலைக்கு
இன்னொரு ஜன்னலே வாங்கலாம் என்றாள் டெர்வ்லா.

தேவாலயக் கூடத்துப் பழம்பொருள் விற்பனையில்
ஐந்து பவுண்டுக்கு ஓர் அட்டைப்பெட்டி.
அடியில் ஈரம், மேலே அந்துருண்டை நெடி,
நடுவில் யாரோ ஒரு குடும்பத்தின்
ஞாயிற்றுக்கிழமைகள், மடித்து மடித்து.
எல்லாம் லினன்.
கந்தை என்று சொல்ல வாய் வராது;
தொட்டால் நாணயம்போல் குளிர்ந்தது.

பன்னிரண்டு பேர் அமர்ந்து உண்ட மேசைவிரிப்பு
குளியலறை ஜன்னலுக்குப் போனது.
வெள்ளையில் வெள்ளையாய் நெய்த மூவிலைகள்
காலை எட்டரைக்கு மட்டும் கண்ணில் படும்,
வெயில் பின்னால் வந்து நின்றால்.
வெயில் வருகிற ஊரா இது?
வந்த நாளில் நான் வாயில் நுரையோடு
பல் துலக்க மறந்து நின்றேன்.

மூலையில் 'எம். சி.' என்று பூவேலை செய்த தலையணை உறைகள்.
டெர்வ்லாவிலும் இல்லை அந்த எழுத்து,
ஃபெர்கஸ் என்கிற என்னிலும் இல்லை.
ஒன்றில் பூண்டு தொங்குகிறது,
ஒன்று கால் ஆடும் நாற்காலிக்குச் சட்டை,
இன்னொன்றைப் பிரித்து விளக்குக்குக் குடை தைத்தாள்.
சுவிட்சைப் போட்டால் சுவரில்
யாரோ ஒருத்தி கையெழுத்திடுகிறாள்,
தலைகீழாக.

பீட்ரூட் கறை ஒன்று.
எலுமிச்சை, உப்பு, கொதிநீர், என் அக்கா சொன்ன பால்,
எதற்கும் மசியவில்லை.
மடிப்புக்குள் ஒளித்துவிடுவாள் என்றிருந்தேன்.
கத்தரிக்கோலை அதைச் சுற்றி ஓட்டி
சோபாத் திண்டின் நட்டநடுவில் வைத்தாள்.
"விருந்தாளி முதலில் இதைப் பார்க்கட்டும்,
அப்புறம் பயமில்லாமல் ஒயின் குடிப்பார்கள்."

பெட்டியின் அடியில், கடைசியாக,
தட்டுத் துடைக்கும் துணி,
1970ஆம் வருடத்து நாட்காட்டி அச்சிட்டது.
மேலே ஒரு சால்மன் துள்ளுகிறது,
கீழே பன்னிரண்டு மாதங்கள் பச்சை மையில்.
பாய்லருக்குப் பக்கத்துச் சுவரில்
நாலு ஆணி.
வருகிறவர்கள் பிறந்தநாளைத் தேடினார்கள்,
கிழமை ஒத்துவரவில்லை என்று சிரித்தார்கள்.

போன குளிரில் பாய்லர் படுத்துக்கொண்டது.
ஹியூபர்ட் மக்கில்வெய்ன் வந்தார்.
எழுபதை ஒட்டிய வயது, வாய் ஓயாத மனிதர்:
நீரோட்டம், படகுக் கட்டணம், மருமகனின் நாய்.
துணியைப் பார்த்ததும் பேச்சு அறுந்தது.
விரல் மார்ச் மாதத்துக்குப் போனது,
பதினொன்றில் நின்றது.
புதன்.
எடுத்தபோது அங்கே கரி, ஒரு நெல்லளவு.
"மன்னியுங்கள், துவைத்தால் போய்விடும்" என்றார்.
என்ன நாள் என்று கேட்க எங்களுக்கு நா எழவில்லை.
துவைக்கவும் இல்லை.

இந்த ஜனவரியில் டெர்வ்லாதான் கண்டுபிடித்தாள்,
தொலைபேசி கையில், கண் துணியில்.
கிழமைகள் எல்லாம் சுற்றிவிட்டு வந்து
தத்தம் கட்டத்தில் உட்கார்ந்திருக்கின்றன.
இந்த ஐம்பத்தாறு வருடத்தில்
எத்தனை தடவை வந்து போயினவோ,
பெட்டி மூடியிருந்தது.

குப்பை வண்டிக்கு ஒரு குண்டூசி,
என் பல் மருத்துவருக்கு ஒன்று.
பாய்லர் சோதனைக்கு அவரை அழைத்தாள்.
"மார்ச் பதினொன்று, புதன், சௌகரியமா?"
வாய் முந்திவிட்டது.
மறுமுனையில் கொஞ்ச நேரம் காற்று மட்டும்.
"அன்றைக்கு நான் வேலை செய்வதில்லை.
வியாழன் வருகிறேன்."
பன்னிரண்டில் ஓர் ஊக்கைக் குத்தினாள்,
முனை பதினொன்றைத் தொடாதபடி சாய்த்து.

வியாழன் வந்தார்.
கரியைப் பார்த்தார், ஊக்கைப் பார்த்தார்.
"இன்னும் துவைக்கவில்லையா?"
"இல்லை."
வேலை முடிந்து தொட்டியில் கை கழுவினார்.
எட்டினால் தொடும் தூரத்தில்
துடைக்கவென்றே நெய்த துணி.
அவர் தன் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்,
இரண்டு கைகளையும், வெகுநேரம்.