கிழக்கு யன்னல்

கொழும்புக்குப் போன இரத்தம்
ஒன்பதாம் நாள் ஒரு தாளாகத் திரும்பி வந்தது.
எட்டு.
இருபதுக்கு மேலே இருந்திருக்க வேண்டும் என்று
டொக்டர் பென்சிலால் கோடு போட்டார்.
பிறகு அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எட்டு.
இந்த ஊரில்.
தார் உருகிச் செருப்பைப் பிடித்து இழுக்கிற திருகோணமலையில்,
மத்தியானம் மான்கள்கூட
பஸ் நிலையத்துச் சுவர் நிழலுக்கு ஒதுங்குகிற ஊரில்.

கேனுஜாவுக்கு நாலு வயசு.
நெஞ்சுச் சளியோடு வந்தவள்,
மூன்றாம் இரவே மூச்சை மெஷினிடம் கொடுத்துவிட்டாள்.
தாய் வசந்தரூபி
திருக்கடலூர்க் கரையில் நெத்தலி காயப்போடுகிறவள்.
எந்த வெயில் மீனைக் காய்ச்சும், எந்த வெயில் கருக்கும்,
எப்போது மறுபக்கம் புரட்டுவது
எல்லாம் விரலுக்கே தெரியும்.
மகளை மட்டும் அறைக்குள் விட்டுப் பூட்டினாள்.
கடல், நாய், றோட்டில் ஓடுகிற ஓட்டோ;
அதைவிடப் பெரிய பயம்,
பிள்ளை கறுத்துப்போவாள்.

"மிஸ், நான் வெயில் காட்டாததாலயோ?"

இப்படிக் கிடக்கிற பிள்ளைகள் பலருக்கு
இந்த எண் குறைந்துதான் இருக்கிறது.
குறைந்ததால் விழுந்தார்களா
விழுந்ததால் குறைந்ததா,
பெரிய ஆஸ்பத்திரிகளிலேயே வழக்கு இன்னும் தீரவில்லையாம்.
நான் கேட்டேன்:
"நீங்கள் சாப்பிட்டீங்களா?"

ஊசியில்லாத சிரிஞ்சில் மஞ்சள் எண்ணெய்,
மூக்குக் குழாய்க்குள் மெதுவாக.
வெயில் இவ்வளவு சின்னதாய்
என் கையில் இருந்ததேயில்லை.
(போன வருஷம் எங்களுக்கும் பார்த்தார்கள்.
எனக்குப் பதினொன்று.
வீட்டில் சொல்லவில்லை.
இரவு டியூட்டிக்காரியிடம்
சூரியன் கணக்குக் கேட்டால் என்ன சொல்வது?)

நேற்று, கட்டிலை யன்னலோரம் தள்ளுவீங்களா என்றாள்.
தள்ளினோம். நாலு பேர்,
மெஷின், பம்ப், வயர், சேலைன் எல்லாம் சேர்த்து
ஒரு சின்ன வள்ளத்தைக் கரை மாற்றுவதுபோல.

இன்று ஆறரைக்குக் கடலிலிருந்து ஏறி வந்த வெயில்
பிள்ளையின் முழங்காலில் குந்தியது.
கண்ணாடி தாண்டி அந்தச் சத்து வராது
என்று படித்திருக்கிறேன்.
வாய் வரைக்கும் வந்தது.

வசந்தரூபி போர்வையை மேலே மடித்தாள்.
காலை ஒருக்களித்து வைத்தாள்.
கொஞ்சம் பொறுத்து
மறுபக்கம்.