படிவத்தின் பின்பக்கம்

ஆறாம் வகுப்பு ஆசிரியருக்கு,

முன்பக்கத்தில் கேட்டதையெல்லாம் நிரப்பிவிட்டேன்.
பெயர் சேவுகன். ஊர் புதுவயல்.
'குறைபாட்டின் தன்மை' என்ற இடத்தில்
அரை அங்குலம்தான் விட்டிருக்கிறார்கள்.
ஆட்டிசம் என்று எழுதியதும் கட்டம் நிறைந்துவிட்டது,
அவன் வெளியே நிற்கிறான்.
ஆகவே இந்தப் பக்கம்.

நான் சிறப்பாசிரியை. பதினோரு பள்ளிகள்.
இவனுக்குச் செவ்வாயும் வெள்ளியும்,
அறந்தாங்கிப் பேருந்து நேரத்துக்கு வந்தால்.
மற்ற நாட்களில் இவனைப் பார்த்துக்கொண்டது
ஐந்தாம் வகுப்பின் மற்ற முப்பத்திரண்டு பேர்.

முதலில் மணி.
தூங்குமூஞ்சி மரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டு.
அடித்தால் நமக்கு நேரம் தெரியும்.
இவனுக்குப் பல் கூசும், காது எரியும்,
சுவரைத் தேடி ஓடுவான்.
'பழகிக்குவான்' என்றார் தலைமையாசிரியர்.
இரண்டு வருடம் பழகவில்லை.
பெருக்க வரும் இருளாயி அக்கா
ஒருநாள் யாரையும் கேட்காமல்
சுத்தியல் முனையில்
அறுந்த ரப்பர் செருப்பை வைத்துக் கட்டினார்.
இன்றும் மணி கேட்கிறது.
யாரும் வகுப்புக்குப் பிந்தி வரவில்லை.
உங்கள் பள்ளியில் மின்சார மணியாம்.
அதில் எந்தச் செருப்பைக் கட்டுவது?
யோசியுங்கள்.

அரிசி ஆலைச் சங்கு அவனுக்குப் பரவாயில்லை.
ஏன் என்று கேட்காதீர்கள்.
கேட்டுக் கேட்டு நான் விட்டுவிட்டேன்.

'அப்ப கணக்குல புலியா?' என்பார்கள்,
ஏதோ சினிமா பார்த்துவிட்டு வந்து.
இல்லை. கடன் வாங்கிக் கழித்தலில்
மூன்றுக்கு ஒன்று தப்பு,
பக்கத்தில் உட்காரும் உடையப்பனைப் போலவே.
புலியாக இருந்தால்தான் பெஞ்சில் இடமா?

மத்தியானம் தரையில் கன்னத்தை வைத்துப் படுப்பான்.
பழைய கட்டடம், ஆத்தங்குடிக் கல்,
பங்குனியிலும் குளிரும்.
ஆறு நிமிடம். எழுப்ப வேண்டாம்.
பிள்ளைகள் ஒதுங்கிப் போவார்கள்,
ஈரக்கோலத்தைச் சுற்றிப் போவதுபோல்.

பேச்சு வராது என்று எழுதியிருக்கும், நம்பாதீர்கள்.
சட்டைப்பையில் நான்கு அட்டைகள்:
தண்ணீர். வெளியே. இன்னொரு தடவை. போதும்.
'போதும்' கிழிந்து கிழிந்து
மூன்று முறை டேப் ஒட்டியாயிற்று.

மாசியில் ஒரு விழா.
அதிகாரி வந்தார், பொன்னாடை வந்தது,
மைக் ஊளையிட்டது.
'இணைந்து கற்போம்' என்ற தலைப்பில்
முக்கால் மணி நேரம் ஆனபோது
சேவுகன் எழுந்தான், மேடையேறினான்,
அவர் கையிலிருந்த தாளின்மேல்
'போதும்' அட்டையை வைத்தான்.
பந்தல் முழுக்க மூச்சு நின்றது.
அவர் சிரித்தார். போட்டோ எடுக்கச் சொன்னார்.
பிறகு இன்னும் இருபது நிமிடம் பேசினார்.

மறுநாள் புதன். நான் இல்லை.
ஹாஜிரா சொல்லித்தான் தெரியும்.
பிஸ்கட் பெட்டியை வெட்டி
முப்பத்திரண்டு பேரும் ஆளுக்கொரு 'போதும்' செய்துகொண்டார்கள்.
அடுத்த நாளே,
எட்டாம் வாய்ப்பாட்டில் திணறிய உடையப்பனுக்கு மேலே
ஸ்கேல் ஓங்கியது.
ஒவ்வொன்றாக அட்டைகள் எழுந்தன.
சத்தமே இல்லை.
ஸ்கேல் மெதுவாகக் கீழே வந்தது,
கோடு போட.

சேவுகனின் அட்டை மட்டும் எழவில்லை.
அவன் ஜன்னல் கம்பியில் போகும்
எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
அதையும் எழுதிவிடுகிறேன்,
இல்லாவிட்டால் இது நீதிக்கதையாகிவிடும்.

உடையப்பன் காரைக்குடிக்குப் போகிறான்.
ஹாஜிரா பெண்கள் பள்ளிக்கு.
ஆலைக்களத்தில் நெல் துழாவும் அவன் அம்மா
காலால் துழாவிக்கொண்டே கேட்டார்:
'அங்கயும் இவன் பக்கத்துல
யாராச்சும் உக்காருவாகளா டீச்சர்?'
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
நான் செருப்பில் ஒட்டிய நெல்லைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

ஜூனில் முதல் செவ்வாய் வருகிறேன்.
அதுவரை
மூன்றாவது பெஞ்ச், ஜன்னலோரம் கொடுங்கள்.
கம்பியில் எறும்பு இருந்தால் நல்லது.